‘பத்து சதவீதம்தான் ஏறியிருக்கு’ என்கிறாரா ஏஜென்ட்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. 2024 டிசம்பரில் அவருடைய மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.28,320 கட்டினோம். 2025 டிசம்பருக்கு ரூ.31,200 கேட்கிறார்கள். “ஐஆர்டிஏஐ அனுமதித்த பத்து சதவீதம்தான் சார். வேண்டாமென்றால் வேறு கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன்” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? — வாசகர், திருச்சி

பதில்: நம்பாதீர்கள். பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். 28,320-ல் 4,320 ரூபாய் ஜி.எஸ்.டி.; பிரீமியம் 24,000தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரி கிடையாது. ஆகவே 31,200 முழுக்கப் பிரீமியம். ஏற்றம் பத்து அல்ல, 30 சதவீதம். அரசு விட்ட வரி உங்கள் கைக்கு வந்து சேரவில்லை.

விலையை வைப்பது கம்பெனி; காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ அல்ல. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டுவதென்றால் முன்கூட்டியே தன்னைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் அது உத்தரவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் 65-ஐத் தாண்டினால் பல திட்டங்களில் வயதுப் பிரிவு மாறி, அதனாலும் பிரீமியம் ஏறும். அந்த ஏற்றம் வேறு, கட்டண உயர்வு வேறு. கம்பெனி இரண்டையும் குழைத்துத்தான் பதில் சொல்லும். பாலிசியில் அந்தத் திட்டத்தின் அடையாளமாக யு.ஐ.என். என்றொரு நீண்ட எண் இருக்கும். அதை வைத்து ஐஆர்டிஏஐ இணையதளத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் தேடுங்கள். எண்ணில் ‘வி’ (V) எழுத்துக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் திட்டத்தின் எத்தனையாவது பதிப்பு என்பதைச் சொல்லும். போன வருட எண்ணோடு அது மாறியிருந்தால் அறை வாடகை வரம்பு, சிகிச்சைச் செலவில் நாம் ஏற்க வேண்டிய பங்கு இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். பிரீமியம் அட்டவணை கம்பெனியின் விவரக் கையேட்டில் கிடைக்கும். பழைய கையேட்டில் 66–70 வயதுக்கு 27,600 என்றிருந்தால், வயதால் கூடியது 3,600. கட்டண உயர்வால் கூடியது இன்னொரு 3,600, அதாவது 13 சதவீதம். ‘இதற்கு ஐஆர்டிஏஐயைக் கலந்தீர்களா?’ என்று கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசா, அடுத்து காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை.

ஏன் கூட்டினார்கள் என்ற கணக்கு மட்டும் நம் கண்ணுக்கு வராது. அமெரிக்காவில் தனிநபர் திட்டங்களுக்கு 15 சதவீதமோ அதற்கு மேலோ கூட்டினால் காரணத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்தாக வேண்டும். இங்கே பணம் கட்டுகிறவனுக்கு அட்டவணைதான் மிச்சம். இதை எத்தனை வருடம் பொறுப்பது?

‘மாற்றித் தருகிறேன்’ என்ற பேச்சில்தான் மிகுந்த கவனம் வேண்டும். போர்ட்டிங் (பழைய பாலிசியின் பலன்களை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறுவது) என்று சொல்லிவிட்டுப் புதுப் பாலிசிக்கான படிவத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படி ஏமாந்து, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்காத, கழித்து முடித்த காத்திருப்புக் காலத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கியதை நான் பார்த்தேன். அது மூன்று வருடம் வரை போகலாம். படிவத்தில் ‘போர்ட்டபிலிட்டி’ என்று அச்சாகியிருக்கிறதா, பழைய பாலிசி எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அப்பாவின் நோய் எதையும் மறைக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்; 66 வயதுக்காரரை எடுத்துக்கொள்ள மறுக்கவும் புதுக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அதனால் அங்கே சம்மதக் கடிதம் கைக்கு வராமல் பழையதை விட்டுவிடாதீர்கள். தேதி நெருங்கிவிட்டால் 31,200-ஐக் கட்டிவிட்டுப் புகாரைத் தொடருங்கள்.