குஞ்சு மீனுக்கு மருந்து வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: அக்கா, மகன் ஆசைப்பட்டான் என்று கண்டியில் ஒரு கடையில் 20 கப்பிக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். மூன்றாம் நாளே உடம்பில் ரவை தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கடைக்குப் போன் பண்ணினேன், நீல மருந்து ஒரு போத்தல் வாங்கச் சொன்னார்கள். போத்தலில் போட்டிருந்தபடி 3 நாள் விட்டேன். புள்ளி மறைந்து, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்துவிட்டது. ஒன்பது குஞ்சு செத்துவிட்டது. இதைவிட விலையான மருந்து இருக்கிறதாம். வாங்கலாமா? (தலவாக்கலை வாசகி)

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்தக் காசுக்கு முதலில் ஒரு தெர்மோமீட்டரும் ஹீட்டரும் வாங்குங்கள். தொட்டியில் ஹீட்டர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இது வெள்ளைப் புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று வளர்கிறது, அதுதான் நீங்கள் பார்த்த புள்ளி. தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனைவிட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அந்தப் புதுக் குஞ்சு ஒட்டுண்ணிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்துக்குச் சாகும். புள்ளி மறைந்தது நோய் போனதால் அல்ல, அது அடியில் பெருகிக்கொண்டிருந்தது.

இந்தச் சுற்று முழுவதும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 டிகிரியில் பல வாரம் இழுக்கும். உங்கள் பக்கத்துக் குளிரில் 3 நாள் மருந்து எந்த மூலைக்கு? குளிர்ந்த தண்ணீரில் கப்பியின் எதிர்ப்புச் சக்தியும் விழுந்துவிடுகிறது. அதற்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60, 30, 30 என்றால் 54 லீற்றர். கண்மதிப்பில் அளக்காதீர்கள். நான் ஒருமுறை 30 லீற்றர் தண்ணீரை 50 என்று நினைத்து மருந்து ஊற்றி, விடிவதற்குள் ஒரு முழு ஈற்றுக் குஞ்சுகளையும் இழந்தேன். கணக்குப் போட்டிருந்தால் அவை பிழைத்திருக்கும்.

54 லீற்றருக்கு கண்டியில் 50 வொட் ஹீட்டர் போதும், உங்களுக்கு 100 வேண்டும். தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு 3, 4 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 28க்குக் கொண்டுவாருங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும், காற்று மோட்டாரை நிறுத்தவே கூடாது. உப்பு, லீற்றருக்கு 1 கிராம் கணக்கில் முதல் நாள் 54 கிராம், மறுநாள் இன்னொரு 54. வேறு பாத்திரத்தில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கப்பி இதைத் தாங்கும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே இருக்கும், ஆகவே மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் திரும்ப உப்புப் போடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இப்படியே விடுங்கள்.

இரவில் விளக்கை அணைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் குஞ்சுகளைப் பாருங்கள். தனித்தனி வெள்ளைப் புள்ளியாக இல்லாமல், பொன்தூள் பூசினாற்போல் மினுங்கினால் அது வேறு ஒட்டுண்ணி, வெல்வெட் நோய் என்பார்கள். சிகிச்சையும் வேறு, அப்போது எனக்கு எழுதுங்கள்.

கரண்ட் போகிற இரவுகளில் தொட்டியின் மூன்று பக்கமும் ரெஜிபோம் அட்டை ஒட்டி வைத்தால் சூடு சீக்கிரம் இறங்காது. அவித்த முட்டை மஞ்சள் கொடுக்கிறீர்களானால் நிறுத்திவிடுங்கள். மிச்சம் அடியில் அழுகி அமோனியா ஏறும், புள்ளி நோய் கொல்லாத குஞ்சை அது கொன்றுவிடும்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கிய மீன் இரண்டு நாளில் செத்தால் கடைக்காரர் காசு தர வேண்டுமா? மருந்து என்று, பெயர் இல்லாத பொலித்தீன் பையில் மஞ்சள் நிறத் தூளும் தந்தார். (பண்டாரவளை)

பதில்: பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, அதை நுகர்வோர் சட்டமே சொல்கிறது. கேட்கத் தயங்காதீர்கள். "இத்தனை நாள் உத்தரவாதம்" என்று கடைக்காரர் வாயால் சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தை மீறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1977. வெறும் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு இதில் வெல்வது கஷ்டம்.

அந்தத் தூளைத் தொட்டியில் போடாதீர்கள். பெயர், அளவு, காலாவதித் திகதி எதுவும் இல்லாததை மருந்து என்று எப்படி நம்புவது? கடைகளில் மஞ்சள் நிறத் தூளாகக் கொடுப்பது பல நேரம் அன்டிபயோட்டிக். ஒட்டுண்ணிக்கு அது வேலை செய்யாது, பில்டரில் அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியாவைத்தான் கொல்லும். அந்தப் பக்டீரியா திரும்ப உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அடுத்த முறை வாங்கும்போது உங்களுக்குப் பிடித்த மீனை மட்டும் பார்க்காமல், அந்தத் தொட்டியில் உள்ள எல்லா மீனையும் பாருங்கள். செட்டையை ஒடுக்கிக்கொண்டு ஒன்று நின்றாலும், கல்லில் உடம்பை உரசினாலும், அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் போட்டு எடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிடம் தனித்தொட்டியில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புது மீன் 3, 4 வாரம் தனித்தொட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு மலையிலிருந்து வரும் பீலித்தண்ணிதான். குளோரின் இல்லாததால் அப்படியே ஊற்றலாம்தானே? குஞ்சுகள் நின்ற இடத்திலேயே ஆடுகின்றன. (ஹட்டன்)

பதில்: குளோரின் இல்லை என்பது சரி. ஆனால் மலைப்பாறையிலிருந்து வரும் நம் தண்ணீர் மிகவும் மென்மையானது, கப்பிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. நின்ற இடத்தில் ஆடுவது பெரும்பாலும் அதனாலும் குளிராலும்தான். கழுவிய சிப்பி ஓட்டைத் தூளாக்கி ஒரு கைப்பிடி பில்டருக்குள் வையுங்கள், மெதுவாகக் கரையும்.

இன்னொன்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய்க்காகத் தேயிலைக்குச் செப்பு மருந்து அடிப்பார்கள். மென்மையான தண்ணீரில் செப்பின் நஞ்சு மீனுக்கு இன்னும் கடுமை, குஞ்சு தாங்காது. வெல்வெட் நோய்க்குக் கடையில் விற்கும் செப்பு மருந்தையும் இதே காரணத்துக்காக நம் தண்ணீரில் குஞ்சுகளுக்கு விடாதீர்கள். பீலிக்கு மேலே உள்ள மலையில் என்றைக்கு மருந்தடிக்கிறார்கள் என்று கங்காணியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முதல் நாளே இரண்டு வாளி பிடித்து மூடி வையுங்கள். அடித்த பிறகு பெய்யும் முதல் மழைத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.