வருமானத்தை மறைத்ததற்கான அபராதத்தில் உள்நோக்கம் பார்க்கப்படுமா?

வேண்டுமென்றே மறைக்காத வருமானத்திற்கும் அபராதம் விதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி முடியும். ஆனால் உள்நோக்கத்திற்கு அங்கே வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

271(1)(சி) பிரிவு, வருமானத்தை மறைப்பவருக்கும் அது பற்றித் தவறான விவரம் தருபவருக்கும், ஏய்க்க முயன்ற வரியைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை அபராதம் விதித்தது. முதலில் அதில் ‘வேண்டுமென்றே’ தவறான விவரம் தருவது என்றுதான் இருந்தது; அந்தச் சொல்லை 1964-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இருந்தும், அதற்கு முந்தைய 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் எழுந்த அன்வர் அலி வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய நடவடிக்கை குற்ற வழக்கின் சாயல் கொண்டது என்று கூறியிருந்ததும், 2007-இல் திலீப் ஷ்ராஃப் வழக்கில் குற்ற மனம், அதாவது தவறு செய்யும் எண்ணம், தேவை என்றே தீர்ப்பளித்ததும் வரி செலுத்துவோருக்குத் துணையாக இருந்தன. மறு ஆண்டே, தர்மேந்திரா டெக்ஸ்டைல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு திலீப் ஷ்ராஃப் தீர்ப்பை மாற்றியது. இந்த அபராதம் வருவாய் இழப்பை ஈடுகட்டும் உரிமையியல் (சிவில்) பொறுப்பு என்றும், 276சி பிரிவின் கீழ்ச் சிறைத் தண்டனை கோரித் தொடரும் வழக்கில்தான் வேண்டுமென்றே செய்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் அந்த அமர்வு கூறியது.

இதைப் படித்துவிட்டு, காட்டிய வருமானத்தோடு துறை கூட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அபராதம் உண்டு என்று சில அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அது சரியன்று. 2009-இல் ராஜஸ்தான் ஸ்பின்னிங் வழக்கில், பிரிவு கூறும் நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அபராதம் என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. 2010-இல் ரிலையன்ஸ் பெட்ரோபுராடக்ட்ஸ் வழக்கில், விவரங்கள் அனைத்தையும் உண்மையாகக் காட்டிவிட்டு வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழிக்கக் கோரி, அது நிராகரிக்கப்பட்டால் மட்டும் அபராதம் வராது என்றது.

என் பார்வையில், இதில் நன்றாக ஊன்றிப் படிக்க வேண்டியது 2012-இன் பிரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் தீர்ப்பு. பணிக்கொடைக்காக ஒதுக்கிய ஏறத்தாழ 23.70 லட்சம் ரூபாயைக் கழிக்க முடியாது என்று அந்த நிறுவனம் தாக்கல் செய்த தணிக்கை அறிக்கையிலேயே எழுதியிருந்தது. ஆனால் வருமானத்தைக் கணக்கிட்டபோது அதை வருமானத்தோடு திரும்பக் கூட்ட மறந்துவிட்டார்கள். பிறருக்கு வரி ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் நிறுவனம் தன் கணக்கில் இப்படித் தவறியது வேடிக்கைதான். ஆனாலும், மறைக்க நினைப்பவர் அதைத் தம் அறிக்கையிலேயே எழுதித் தர மாட்டார் அல்லவா! இதை மனிதத் தவறாகக் கொண்டு நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது.

ஆகவே, மாறியிருப்பது நிரூபிக்கும் சுமைதான். உங்கள் கெட்ட எண்ணத்தைத் துறை நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் விளக்கம் நேர்மையானது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்த 270ஏ பிரிவிலும் இதே நிலைதான்: வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், குறைத்த தொகை மீதான வரியில் 50 சதவீதம் அபராதம், உண்மையை மறைத்தோ பொய்ப் பதிவு செய்தோ குறைத்திருந்தால் 200 சதவீதம். முக்கிய விவரங்களை வெளியிட்டு, நேர்மையான விளக்கமும் தந்தால் அந்தத் தொகை குறைத்துக் காட்டியதாகவே கருதப்படாது.

உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால், “வம்பு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2013-இல் மேக் டேட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விளக்கமாகவே ஏற்கவில்லை. விடுபட்ட தொகை எந்தக் கணக்கில் வந்தது, ஏன் விடுபட்டது, அது தெரியவந்ததும் என்ன செய்தீர்கள் என்பதைத் தேதிகளோடும் வங்கிப் பதிவுகளோடும் எழுதிக் கொடுங்கள்.