புதிதாகத் திறந்த கிளவுட் கணக்கில் சர்வர் உருவாக்க முடியவில்லை. 'வரம்பு மீறப்பட்டது' என்று வருகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. இதை எனக்கு அன்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று இரவுகள் என் நிரலிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. 2023 புரட்டாதியில், பெரும்போக விதைப்புக்கு முன்னர், குளத்து நீர்மட்டத்தைப் பதிவதற்குக் கமக்காரர் அமைப்புக்காகச் சிறு செயலி ஒன்றை எழுதினேன். அதை ஏற்றச் சர்வர் வேண்டும். கணக்குத் திறந்தேன், அட்டையில் ஒரு டொலர் பிடித்துச் சோதித்தார்கள், எல்லாம் சரி. இயந்திரத்தை உருவாக்கப்போனால் மறுப்பு. அழித்துவிட்டு மறுபடி முயன்றேன், சர்வர் இருக்கும் பிராந்தியத்தைச் சிங்கப்பூரிலிருந்து மும்பைக்கு மாற்றினேன். பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை வாசித்தது மூன்றாம் நாள்தான். என் கணக்குக்கு அனுமதித்த மெய்நிகர் சிபியு (இயந்திரத்தின் கணிப்புத் திறனை எண்ணும் அலகு) 1. நான் தெரிவுசெய்த மிகச் சிறிய வகைக்கே 2 தேவை!

திருட்டு அட்டைகளில் கணக்குத் திறந்து கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் இருப்பதால் புதியவர்களுக்கு வரம்பைக் குறைத்து வைக்கிறார்கள். அமேசான் கிளவுட்டில் அது பிராந்தியத்துக்குப் பிராந்தியம் தனித்தனி. மும்பையில் கூட்டியது சிங்கப்பூரில் செல்லாது. கூகுள் கிளவுட்டின் 90 நாள், 300 டொலர் சோதனைக் காலத்தில் ஜிபியு (படம், செயற்கை நுண்ணறிவு போன்ற கனமான கணக்குகளுக்கான சில்லு) சேர்க்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுட்டில், இலவசக் கணக்கிலோ, கட்டணக் கணக்காக மாற்றிய பிறகுதான் உயர்வு கேட்கலாம். 'கொள்ளளவு இல்லை' என்று வந்தால் அது வேறு சிக்கல்: அந்தத் தரவு மையத்தில் அப்போது இடமில்லை. வரம்பைக் கூட்டி அது தீராது. வேறு வகையையோ வேறு வலயத்தையோ பாருங்கள்.

வரம்புதான் என்றால் உயர்வு கேட்டு எழுதுங்கள். நான் முதலில் 32 சிபியு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை 4 மட்டும் கேட்டு, எந்தப் பிராந்தியம், என்ன வேலை, மாதம் எவ்வளவு செலவாகும் என்று ஐந்து வரி எழுதினேன். இரண்டு நாளில் கிடைத்தது. பொறுமையிழந்து இன்னொரு கணக்குத் திறக்காதீர்கள், சந்தேகம்தான் கூடும்.

உயர்வு கேட்பதற்கு முன் என் பெயரையும் முகவரியையும் சரிபார்க்க ஒரு வாரம் போனது. அட்டையில் தந்தையின் முதலெழுத்தோடு என் பெயர். படிவமோ குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? வீட்டு இலக்கம் கேட்டது. மீளக்குடியேறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லை, வீடுகளுக்கு இலக்கமும் இல்லை. பொதி வந்தால் சந்திக் கடையில்தான் இறக்குகிறார்கள். கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்று வாங்கி, மொழிபெயர்த்து அனுப்பினேன். 'விதி எல்லோருக்கும் ஒன்றுதானே' என்று சிலர் இங்கே எழுதக்கூடும். விதியை நான் எதிர்க்கவில்லை. இலக்கம் உள்ள வீட்டில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் முடிவது எனக்கு ஏன் ஒரு வாரம் எடுத்தது என்பதுதான் என் கேள்வி.

நீங்களும் இந்தப் பக்கத்தவர் என்றால், அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கிலும் இடுங்கள். பிறகு பிழைச் செய்தியின் முழு வாசகத்தையும், கணக்கு இலக்கத்தை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.