நுகர்வோர் கேள்வி-பதில்: உலாவிக்குக் காவல் போட எவ்வளவு செலவாகும்?

இணைய உலாவியில் தொல்லை தரும் விளம்பரங்களைப் பற்றியும், நாம் போகும் இடமெல்லாம் பின்தொடரும் நிறுவனங்களைப் பற்றியும் சென்னை வாசகர்கள் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றேதான்: இதற்கு என்ன வாங்க வேண்டும்? ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மடிக்கணினியின் வலது கீழ் மூலையில், 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, பாதுகாப்பு இன்றுடன் முடிகிறது' என்று ஒரு பெட்டி அடிக்கடி தோன்றுகிறது. வீட்டருகே உள்ள ஒரு சர்வீஸ் கடையில் காட்டியதற்கு, முழுவதையும் ஃபார்மட் செய்து ஆன்டிவைரஸ் போட 2,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா, நான் கீழே சொல்வதைச் செய்து பார்க்கும் வரையிலாவது கொடுக்க வேண்டாம். அடுத்த முறை அந்தப் பெட்டி தோன்றும்போது பதற்றத்தில் அதன் மீது அழுத்திவிடாமல், அதிலுள்ள சிறிய எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். எச்சரிக்கை வாசகத்துக்குப் பக்கத்தில் 'கூகுள் குரோம்' என்ற பெயரும், அதையொட்டி நீங்கள் கேள்விப்பட்டே இராத ஓர் இணையதள முகவரியும் இருந்தால், அது உங்கள் கணினி தருகிற எச்சரிக்கை அன்று. ஏதோ ஓர் இணையதளம் உங்கள் உலாவியின் வழியாக அனுப்புகிற நோட்டிபிகேஷன், அதாவது திரையில் தோன்றும் அறிவிப்பு. விண்டோஸ் தானே தரும் எச்சரிக்கை 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் வரும். அதில் எந்த இணையதளத்தின் முகவரியும் இருக்காது.

இந்த இணையதளத்துக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் நாம்தான், ஆனால் ஏமாற்றப்பட்டுக் கொடுத்திருப்போம். ஒரு பிடிஎஃப் கோப்பையோ, விட்டுப்போன தொடரின் பகுதியையோ தேடிப் போகும்போது, 'நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அலவ் என்பதை அழுத்தவும்' என்று சில தளங்கள் கேட்கும். உண்மையான ரோபோ சோதனை எதுவும் நோட்டிபிகேஷன் அனுமதியைக் கேட்பதில்லை. அந்த ஓர் அழுத்தத்துக்குப் பிறகு, அந்தத் தளத்தை நீங்கள் மூடிவிட்டாலும் அது உங்கள் திரைக்கு வந்துகொண்டேயிருக்கும்.

குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் அங்கேயே செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் குரோமின் செட்டிங்ஸில் இதே பட்டியல் உண்டு. சென்ற பொங்கலுக்கு மாம்பலத்தில் என் பெரியம்மாவின் கைப்பேசியைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பட்டியலில் 14 பெயர்கள் இருந்தன. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவர் தினமும் படிக்கும் செய்தித்தளம். மற்ற 13-ஐயும் நீக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் பல மாதங்களாக, தன் கைப்பேசிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்து, அதில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதையே அவர் நிறுத்தி வைத்திருந்தார். பணத்தைப் பிடுங்குவதற்கு முன்பே இந்தப் பெட்டிகள் மனிதரின் நிம்மதியைப் பிடுங்கிவிடுகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

இதைச் செய்த பிறகு, விண்டோஸிலேயே கட்டணமின்றி இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸைத் திறந்து 'ஃபுல் ஸ்கேன்' ஒன்றை ஓடவிடுங்கள். அதில் எதுவும் அகப்படாமல், பெட்டியும் வராமல் நின்றுவிட்டால், ஃபார்மட் செய்ய வேண்டிய தேவையே இல்லை. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திப் போலி மென்பொருளை வாங்கவைக்கும் இந்த முறையை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகவே குறிப்பிட்டிருக்கின்றன.

கேள்வி: வீடியோ கோப்புகளை மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றை இன்ஸ்டால் செய்தேன். அன்றிலிருந்து எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு தேடுதளத்துக்கே போகிறது. குரோமை ரீசெட் செய்தும் மறுநாள் திரும்பி வந்துவிட்டது. மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு எந்த நிறுவனமும் கிடையாது, சொந்தக் கணினி. (வாசகர், பெரம்பூர்)

பதில்: அந்தக் கடைசி வரியைக் கவனித்து எழுதியது மிகவும் நல்லது, உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கக்கூடும். அலுவலகக் கணினிகளில் ஊழியர்கள் சில அமைப்புகளை மாற்றிவிடாமல் இருக்க, நிர்வாகிகள் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அதன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில், 'பாலிசி' என்ற கட்டளைகளை எழுதி வைப்பார்கள். உலாவி அவற்றுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இதே வசதியை ஆட்வேரும் (கேட்காமலே விளம்பரத்தைத் திணிக்கும் மென்பொருள்) பயன்படுத்திக்கொண்டு, தன் தேடுதளத்தையோ எக்ஸ்டென்ஷனையோ (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணைச் செயலி) நீக்க முடியாதபடி பதித்துவிடுகிறது; அதனால்தான் ரீசெட் செய்தாலும் அது போகவில்லை. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களாலும் அந்த வரி தோன்றுவதுண்டு என்பதால், அதைப் பார்த்த உடனேயே முடிவுகட்டிவிட வேண்டாம். முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று தட்டி, ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, பாலிசி என்று தட்டினால், எந்தெந்தக் கட்டளைகள் நடைமுறையில் உள்ளன என்ற பட்டியல் வரும். அந்தத் தேடுதளத்தின் பெயர் அதில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

வேலையை வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, அந்த மென்பொருள் வந்த அதே நாளில் கூடவே நுழைந்த மற்றவற்றையும் சேர்த்து நீக்குங்கள். பிறகு, மால்வேர்பைட்ஸ் நிறுவனம் கட்டணமின்றித் தரும் ஆட்வ்கிளீனரை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி ஓடவிடுங்கள். ஆட்வேர் விட்டுச்செல்லும் பதிவுகளைத் தேடி அகற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. அதற்குப் பிறகுதான் உலாவியை ரீசெட் செய்ய வேண்டும். உங்கள் உலாவி அமைப்புகளைக் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் 'சிங்க்' வசதியைப் போட்டிருந்தால், இவ்வளவு வேலை முடியும் வரை அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால், இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷன் கணக்கின் வழியாக மீண்டும் வந்து உட்கார்ந்துவிடலாம். எல்லாம் முடிந்தபின் மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதியைப் பெற்ற எக்ஸ்டென்ஷன், நீங்கள் தட்டிய கடவுச்சொல்லையும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்திருக்கும்.

இனி எதையும் இறக்கும்போது, தேடலில் முதலில் வருவது 'ஸ்பான்சர்டு' என்ற விளம்பரமா என்று பாருங்கள். இன்ஸ்டால் செய்கையில் 'ரெகமெண்டட்' என்பதை விட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூடவே வரும் சரக்குகளுக்கு முன்பே இடப்பட்டிருக்கும் டிக் குறிகள் தெரியவரும். புதிய மடிக்கணினியாக இருந்தாலும் முன்பே போடப்பட்டிருக்கும் மென்பொருள்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது: லெனோவோ தன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டே விற்றது 2015-இல் அம்பலமானது. பாதுகாப்பான இணைப்புகளுக்கு உள்ளேயே நுழைந்து விளம்பரங்களைச் செருக வல்ல அது, அதற்காகக் கணினியில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழையும் பதித்திருந்தது. மென்பொருளை நீக்கினாலும் அந்தச் சான்றிதழ் தங்கிவிட்டது.

கேள்வி: ஒரே ஒரு நாள் வெட் கிரைண்டர் விலை பார்த்தேன். மூன்று வாரமாக எந்தப் பத்திரிகைத் தளத்தைத் திறந்தாலும் கிரைண்டர் விளம்பரம்தான். இன்காக்னிட்டோவில் பார்த்தால் இது நின்றுவிடுமா? விளம்பரத்தைத் தடுக்க எந்த எக்ஸ்டென்ஷனை விலைகொடுத்து வாங்கலாம்? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ரங்கநாதன் தெருவில் நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, உங்கள் சட்டையில் ஓர் எண்ணை ஒட்டி, எந்தக் கடையில் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அந்த எண்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறொரு நிறுவனம் உங்கள் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் குக்கீ உருவாக்கப்பட்டது, ஒரு தளம் தன் வாடிக்கையாளரை மறந்துவிடாமல் இருப்பதற்காக. ஆனால் கடையின் தளத்திலும் பத்திரிகையின் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு பொருத்தப்பட்டிருந்தால், அந்த நிறுவனம் இரண்டு இடத்திலும் உங்களை அடையாளம் கண்டுகொள்கிறது.

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் இவற்றை முழுமையாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி ஜாடியில் அடைத்து வைக்கும் முறையை எல்லாருக்கும் இயல்புநிலையாக்கியது. குரோமிலிருந்து இவற்றை ஒழித்துவிடுவதாக 2020-இல் கூகுள் அறிவித்தது. தேதி பல முறை தள்ளிப்போய், 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோம் பயன்படுத்துபவர் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பகுதியில் உள்ள 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்' என்பதற்குள் போய்த் தானேதான் தடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஏதேனும் ஒரு கட்டணப் பக்கம் நடுவில் நின்றுவிட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். மொத்தத் தடையையும் எடுத்துவிட வேண்டாம்.

குரோமின் இன்காக்னிட்டோ என்பது, நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் அப்போது சேர்ந்த குக்கீகளையும், அதை மூடியபின் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். இணையதளமும், இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் உங்களைப் பார்க்கத்தான் செய்கின்றன. இதைப் பயனாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கூகுள் மீது அமெரிக்காவில் 2020-இல் தொடரப்பட்ட வழக்கு, சேகரித்த பல நூறு கோடித் தரவுப் பதிவுகளை அழிப்பதற்கு 2024-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதில் போய் முடிந்தது. தவிர, இன்காக்னிட்டோவிலும் உங்கள் கணக்கில் லாகின் செய்துவிட்டால், நீங்களே பெயர் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

எக்ஸ்டென்ஷனுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. நான் பரிந்துரைப்பது யுபிளாக் ஆரிஜின். அது இலவசம், நன்கொடைகூடக் கேட்பதில்லை. ஒத்த பெயரில் வேறு சிலவும் உலவுவதால், 'ஆரிஜின்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, உலாவியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் எடுங்கள். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையைக் கூகுள் மாற்றிவிட்டதால், குரோமில் இப்போது அதன் 'லைட்' வடிவமே கிடைக்கிறது. முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓடுகிறது. கைப்பேசிக் குரோமிலோ எக்ஸ்டென்ஷன் போடவே வழியில்லை. இதனால்தான், வீட்டு உபயோகத்துக்கு ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிவிடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல செய்தித்தளங்கள் பலவற்றுக்கு விளம்பரமே வருமானம். நீங்கள் மதிக்கும் தளங்களில் தடுப்பானை நிறுத்தி வையுங்கள், அல்லது சந்தா கட்டுங்கள். நான் இரண்டு தளங்களுக்குச் சந்தா கட்டுகிறேன். பின்தொடர்வதுதான் என் எதிர்ப்புக்கு உரியது, விளம்பரம் அன்று.

கேள்வி: ஆண்டுக்கு 1,999 ரூபாய்க்கு விபிஎன்னுடன் கூடிய 'பிரைவசி' பேக்கேஜ் ஒன்று தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: இந்தத் தேவைக்கு வேண்டாம். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை; அது உங்கள் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மறைக்கும். உலாவியில் ஒட்டியிருக்கும் குக்கீயை எடுக்காது. பாதுகாப்புத் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: பயனாளர்களின் உலாவல் தரவைத் தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்றதற்காக, ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் நடவடிக்கை எடுத்தது.

கேள்வி: நான் ஏமாந்துவிட்டேன். திரையில் வந்த எண்ணை அழைத்தேன். ஒரு செயலியைப் போடச் சொல்லி என் கணினிக்குள் நுழைந்தார்கள். 4,999 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (வாசகர், தாம்பரம்)

பதில்: இன்றே வீட்டில் சொல்லுங்கள், நீங்கள் செய்தது குற்றமன்று, உங்களுக்குச் செய்யப்பட்டதுதான் குற்றம். இதைப் படித்தவுடன் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு என்பதால், இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதே நேரத்தில் வங்கிக்கும் தெரிவித்து, யுபிஐ செயலியில் தானாகவே பணம் எடுக்கும் 'ஆட்டோபே' ஏதேனும் உருவாக்கப்பட்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.

கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, அவர்கள் போடச் சொன்ன செயலியை நீக்கி, ஃபுல் ஸ்கேன் செய்யுங்கள். பிறர் உள்ளே நுழைந்த கணினி என்பதால், உங்கள் விஷயத்தில் மட்டும் ஃபார்மட் செய்வது நியாயமான செலவுதான். ஆவணங்களை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகள், பரிவர்த்தனை எண், அவர்கள் அழைத்த எண் எதையும் அழித்துவிடாதீர்கள்.

விற்றவர் முகவரியுள்ள நிறுவனமாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இனிமேல் யாராவது உங்களை அழைத்து முன்பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். 1930-இல் புகார் பதிவு செய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.