ஆட்களை மாற்றினால் உற்பத்தி கூடுமா?

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் தேதி தவறாமல் போகிறது. கேமரா வைத்தோம், டார்கெட் கூட்டினோம், மாதாமாதம் சிறந்த ஊழியர் விருதும் கொடுக்கிறோம். இருந்தும் இரண்டு வருடமாக உற்பத்தி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பொறுப்பில்லாதவர்களைப் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டு, புது ஆட்களை எடுக்கலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். கோளாறு ஆட்களிடமா நிர்வாகத்திடமா என்ற கேள்விக்கு, ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு நிர்வாகத்தை மட்டும் மாற்றி, பெரிய அளவிலேயே பதில் கண்டுவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் படுமோசமான ஆலைகளில் ஒன்று. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை, வந்தவர்களிலும் சிலர் குடித்திருப்பார்கள், சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. 1982இல் இழுத்து மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டா வந்து கூட்டுச் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தபோது வேலைக்கு எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் அந்தப் பழைய ஆட்கள்தான், சங்கமும் பழைய சங்கம்தான். 1986 முடிவதற்குள் உற்பத்தித் திறன் பழைய ஆலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் வேறெந்த ஆலையும் அதற்கு ஈடாகவில்லை. வேலைக்கு வராதவர்களின் கணக்கு இரண்டு, மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

என்ன மாறியது? எத்தனையோ மாறியது, ஆனால் நான் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். கார் இடம் இடமாக நகர்ந்து உருவாகும் லைன் நெடுக, எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. போல்ட் சரியாக உட்காரவில்லை, பாகம் பொருந்தவில்லை என்றால் அங்கே நிற்கும் தொழிலாளி யாரையும் கேட்காமல் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், மணி ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். அந்த இடத்துக்கான நேரம் முடிவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் அப்படியே ஓடும், முடியாவிட்டால் நிற்கும். வந்தவர் கேட்கும் கேள்வி 'என்ன ஆச்சு' என்பதுதான், 'யார் இழுத்தது' என்பது இல்லை. பழைய ஆலையில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம், அதனால் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தாலும் வண்டியைத் தள்ளிவிடுவார்கள், கடைசியில் ஒரு கூட்டமே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். உங்கள் ஆட்களில் ஒருவர் இன்று காலை இயந்திரத்தில் ஒரு கோளாறைப் பார்த்தால், அது உங்கள் காதுக்கு வர எத்தனை நாளாகும்? சொன்னவருக்கு என்ன நடக்கும்? 'நீ சரியா ஓட்டியிருந்தா ஏன் இப்படி ஆகுது' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அப்புறம் அவர் வாயைத் திறக்க மாட்டார், பக்கத்தில் நின்று அதைக் கேட்ட நான்கு பேரும் திறக்க மாட்டார்கள். கேமராவில் ஓர் ஆள் அரை மணி நேரம் சும்மா நிற்பது தெரியும். ஸ்டோர்ஸில் ஸ்பேர் கிடைக்காமல், மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பி, அவர் வருவதற்காகக் காத்து நிற்கிறார் என்பது அதில் தெரியாது. நீங்கள் பார்த்துவிட்டு அவரைப் பட்டியலில் சேர்ப்பீர்கள்.

மும்பையை ஒட்டிய நெசவாலைகளில் நிக்கோலஸ் ப்ளூம் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. அவர்கள் அனுப்பிய ஆலோசகர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது நூல் கட்டுகள் கணக்கில்லாமல் குவிந்து கிடந்தன, ஸ்பேர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை, குறையுள்ள துணியைச் சரிசெய்வதிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குறை எந்தத் தறியில், எதனால் வருகிறது என்று எழுதி வைப்பாரில்லை. அந்த ஆலோசகர்கள் செய்ததில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை: குறைகளைத் தினமும் பதிவு செய்வது, அதை வைத்து மேலாளர்கள் கூடிப் பேசுவது, இயந்திரங்களை நேரத்துக்குப் பராமரிப்பது, இருப்புக்குக் கணக்கு வைப்பது என்று மொத்தம் 38 நடைமுறைகள். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்றால், தங்கள் ஆலை நன்றாகத்தான் நடக்கிறது என்று பல முதலாளிகள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நாளையே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நோட்டு. எப்போது நின்றது, ஏன், எவ்வளவு நேரம், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும், ஓட்டுகிறவரே எழுத வேண்டும், பெயர் வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் நின்றபடியே ஒரு கூட்டம். சூப்பர்வைசர், மெக்கானிக், ஸ்டோர்ஸ்காரர், ஓட்டுகிறவர்களில் இருவர். நேற்றைய நோட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, யார், எப்போது முடிப்பார் என்று பேசி, முடிந்ததை எல்லோரும் பார்க்கிற பலகையில் எழுதுங்கள். தான் எழுதியதற்கு ஒரு வாரத்தில் பலன் கிடைத்ததைப் பார்த்த ஆள் அடுத்ததையும் எழுதுவார். இந்த நோட்டை அப்ரைசலுக்கோ சம்பளப் பிடித்தத்துக்கோ தொட்டீர்களானால் அன்றோடு அது செத்துப்போகும்.

முதல் மாதம் கோளாறுகளின் எண்ணிக்கை ஏறும், பதறாதீர்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதில்லை, மறைக்கவேண்டிய பயம் இல்லாததால் சொன்னார்கள். 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், பிற்காலத்தில் நிர்வாகிகளுக்கு வகுத்த 14 விதிகளில் பயத்தை விரட்டுவதையும் ஒன்றாக வைத்தார். சுவரில் ஒட்டும் முழக்கங்களும் எண்ணிக்கை இலக்குகளும் வேண்டாம் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. உங்கள் கூட்டிய டார்கெட்டை நினைத்துத்தான் சொல்கிறேன்: இயந்திரம் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கும் இடத்தில் டார்கெட்டைக் கூட்டினால் ரிஜெக்ட்தான் கூடும்.

சம்பளம் தேதி தவறாமல் போகிறது என்றீர்கள், போதுமான அளவு போகிறதா என்று சொல்லவில்லை. குறைந்த சம்பளத்தை வேலைக் கலாசாரம் என்று பேசி ஈடுகட்ட முடியாது. 1913இல் ஃபோர்டு ஆலையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், சுமார் 14,000 பேரை வைத்திருக்க ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் எடுக்கவேண்டியிருந்தது. 1914இல் நாளுக்கு 5 டாலர் என்று கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, வேலையை 8 மணி நேரமாகக் குறைத்ததும் அந்த ஓட்டம் நின்றது. (அதே ஃபோர்டு, தொழிலாளிகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குடும்ப நடத்தையைச் சோதித்தது, அதை யாரும் பின்பற்ற வேண்டாம்.)

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். உற்பத்தி கூடி நான்கு பேரின் வேலை மிச்சமானால் அந்த நான்கு பேரை வெளியே அனுப்பக் கூடாது. நும்மியில் 1988 வாக்கில் விற்பனை சரிந்து ஆலை தன் திறனில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாகவே ஓடியபோதும் யாரையும் நீக்கவில்லை, பயிற்சிக்கும் வேலைமுறையைச் சீர்செய்யும் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். தன் யோசனையால் தன் பக்கத்து ஆளுக்கு வேலை போகும் என்று தெரிந்தால் எவன் யோசனை சொல்வான்? ஆகையால் முன்கூட்டியே, எழுத்தில், எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

மேனேஜர் விஷயம். அவரை அனுப்பச் சொல்லவில்லை, அவர் ஒரு வாரம் மேசையை விட்டுத் தளத்தில் நின்று அந்த நோட்டுகளைப் படிக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் ஒதுங்காதீர்கள். அந்த மும்பை நெசவாலைகளுக்கு ஆய்வாளர்கள் பல வருடம் கழித்துத் திரும்பப் போனபோது கொண்டுவந்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன, மேலாளர் மாறியதும் முதலாளி நேரம் ஒதுக்காததும் அதற்கு முக்கியக் காரணங்கள். கூட்டத்தை நடத்த இரண்டு பேருக்காவது பழக்குங்கள், வாரத்தில் ஒரு நாள் நீங்களும் போய் நில்லுங்கள். முதல் நான்கு வாரம் நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் நல்லது.