தரைக்கு வினைல் ஷீட், லினோலியம்: ஒட்டுறது, பிரிக்கிறது, கேட்டதும் சொன்னதும்

தரை வேலை பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நிறைய வந்துடுச்சு. ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்து எழுதிருக்கேன்.

வேளச்சேரி: அண்ணா, கடையில லினோலியம்னு ஒரு ரோல் காட்டுறாங்க, ரொம்ப சீப்பா இருக்கு, நம்பலாமா?

அது பிவிசி, அதாவது வினைல் ஷீட்ங்க. நிஜ லினோலியம் ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள் கலந்து சணல் துணி மேல அழுத்தி செய்யறது, 1863-ல ஃப்ரெடரிக் வால்டன்ங்கிற இங்கிலாந்துக்காரர் பேடன்ட் வாங்குன சரக்கு. திருப்பிப் பாருங்க, பின்னாடி சணல் இல்லேன்னா பிவிசின்னு வச்சுக்கலாம். வீட்டுக்கு அது போதும், ஆனா தாள் மாதிரி மெலிசா இருக்கறத எடுக்காதீங்க, தரையில இருக்கற ஒவ்வொரு மேடு பள்ளமும் மேல தெரியும்.

அதே ஆள்: வாடகை வீடு, பசை போடவா?

வேண்டவே வேண்டாம். சும்மா விரிச்சு ஓரத்துலயும் ஜாயின்ட்லயும் டபுள் சைடு டேப் போடுங்க. அட்வான்ஸ் திரும்ப வரணும்ல!

கும்பகோணம்: பழைய வீடு, ரெட் ஆக்சைடு தரை, மழைக்காலத்துல ஓதம் ஏறும். ஷீட் போட்டா மறைஞ்சுடுமா சார்?

மறையும், ஆனா அடியில நாறும். ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் பேப்பரை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வைங்க, அடியில வேர்த்திருந்தா அந்த ரூமை விட்டுடுங்க. ஈரத்துல எந்த பசையும் நிக்காது, நான் சரி பண்ணப் போற ரிப்பேர்ல பாதி இந்த கேஸ்தான், ஷீட்டை குறை சொல்லிட்டு இருப்பாங்க.

திருப்பூர்: ஒட்டுறது எப்படின்னு முழுசா சொல்லுங்கண்ணே

முதல்ல ரோலை பிரிச்சு அந்த ரூம்லயே ஒரு நாள் விரிச்சு போடுங்க, சுருண்ட புத்தி போகட்டும். சீக்கிரம் படியணும்னு மொட்டை மாடி வெயில்ல போட்டா நீண்டுட்டு அப்புறம் சுருங்கும். தரையில குழி இருந்தா சிமெண்ட்ல அடைச்சு காயவிட்டு தூசி இல்லாம துடைக்கணும். ரப்பர் பசைன்னா (ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி) தரையிலயும் ஷீட் பின்பக்கமும் ரெண்டுலயும் மெலிசா தடவி, விரல் வச்சா பிசுக்குன்னு இருந்தும் கையில ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பொறுக்கணும், இந்த பொறுமை இல்லாமத்தான் எல்லாரும் கொப்புளம் வாங்குறாங்க. ஒட்டுனா ஒட்டுனதுதான், நகர்த்த முடியாது, அதனால பெரிய ஹாலுக்கு தரையில மட்டும் தடவுற அக்ரிலிக் பசை எடுங்க, கொஞ்சம் நகர்த்திக்கலாம். சுவரோரம் ஒரு நூல் (இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு) இடைவெளி விட்டு பீடிங் (ஓரத்துல வைக்கிற மெல்லிசு பட்டை) வச்சு மூடுங்க. ஜாயின்ட்ல ரெண்டு ஷீட்டையும் ஒரு இன்ச் மேல மேல ஏத்தி, டிசைன் சேர்த்து, ஸ்கேல் வச்சு ஒரே வெட்டா ரெண்டையும் வெட்டுங்க, கோடே தெரியாது. ரப்பர் பசை ஆவி தீப்பிடிக்கும், ஜன்னலை திறந்து, ஸ்டவ், சாமி விளக்கு எல்லாம் அணைச்சிட்டு உக்காருங்க.

சேலம்: நடுவுல கொப்புளம் வந்துடுச்சு

ஊசியால குத்தி சிரிஞ்சுல பசை ஏத்தி, மேல கனமா ஏதாவது வைங்க, அரிசி மூட்டைகூட போதும்.

மதுரை: பழைய ஷீட்டை பிரிச்சா மொசைக் மேல பசை அப்படியே இருக்கு. ஆசிட் ஊத்தலாமா?

ஐயோ, ஊத்தாதீங்க! ஆசிட் பசையை ஒண்ணும் பண்ணாது, மொசைக்ல இருக்கற சலவைக்கல் சில்லையும் சிமெண்ட்டையும்தான் தின்னும். மிச்ச ஷீட்டை அரை அடி பட்டையா கீறிட்டு ஹேர் டிரையர்ல சூடு காட்டி பட்டி தகடால படுக்க வச்சு தள்ளுங்க. பசை மேல தின்னர் நனைச்ச துணியை கொஞ்ச நேரம் போட்டுட்டு சுரண்டுங்க. அப்ப ஜன்னல் திறந்திருக்கணும், ஹேர் டிரையரை ஓரமா வச்சிருக்கணும், ரெண்டையும் சேர்த்து பண்ணிடாதீங்க. ரெட் ஆக்சைடு தரைன்னா மூலையில டெஸ்ட் பண்ணுங்க, பாலிஷ் போயிடும்.

ஸ்காபரோ, கனடா: அண்ணை, பேஸ்மென்ட்ல கார்பெட்டுக்கு கீழ ஒன்பது இன்ச் சதுர டைல், கறுப்புப் பசை. கழட்டலாமோ?

கை வைக்காதீங்க. 1980க்கு முந்தின அந்த சைஸ் டைல்லயும் கறுப்புப் பசையிலயும் ஆஸ்பெஸ்டாஸ் (தூள் மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்கற நார்) இருக்க வாய்ப்பு அதிகம். லேப்ல சாம்பிள் காட்டி அது இல்லேன்னு தெரியற வரைக்கும் உடைக்கவோ மெஷின் வச்சு தேய்க்கவோ கூடாது. உடையாம நல்லா ஒட்டியிருந்தா அதுக்கு மேலயே புதுத் தரை போடறதுதான் பெரும்பாலும் நல்லது.

தாம்பரம்: ரப்பர் மிதியடி கிடந்த இடம் மஞ்சளாயிடுச்சு, எதுல துடைக்க?

எதுல துடைச்சாலும் போகாது. ரப்பர்ல இருக்கற கெமிக்கல் வினைலுக்குள்ளயே இறங்கி நிறத்தை மாத்திடுது. துணி மிதியடி வாங்கி அதே இடத்துல போட்டுக்கோங்க.