ஸ்கூபா: ஆக்டோபஸ் போதுமா, தனிச் சிலிண்டர் வேண்டுமா?

உவரிக் கடலில் சிலிண்டருடன் 20 மீட்டர் வரை மூழ்கப்போவதாகச் சொல்லி, காற்று தடைப்பட்டால் ஆக்டோபஸ் போதுமா, கூடுதலாகத் தனிச் சிலிண்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்டோபஸ் என்பது அதே சிலிண்டரில், அதே முதல்நிலை ரெகுலேட்டரில் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துக் காற்றை அனுப்பும் கருவியில்) மாட்டிய இன்னொரு வாய்ப்பகுதி. அவசியம் வேண்டும், ஆனால் அது உடன் வருபவருக்குக் காற்று கொடுக்கத்தான். ஒரே கிணற்றில் இரண்டு கமலை பூட்டினால் தண்ணீர் கூடுமா?

துணையாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவருடைய ஆக்டோபஸே உங்களுக்கு மாற்று. கலங்கிய நீரில் அதை மட்டும் நான் நம்ப மாட்டேன். தனிச் சிலிண்டரையும் வாங்குங்கள் என்பேன்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைக்கு அடக்கமான அரை லிட்டர் சிலிண்டரில், 200 பார் அழுத்தத்தில், சுமார் 100 லிட்டர் காற்று இருக்கும். 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கு, அதனால் காற்றும் மூன்று மடங்கு செலவாகும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 90 லிட்டர்கூடப் போய்விடும். ஒரு நிமிடம்தான் தாங்கும்! 3 லிட்டர் சிலிண்டரில் 600 லிட்டர் இருக்கிறது. கீழே ஒரு நிமிடம் நிதானித்து, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் நிற்க ஏறத்தாழ 360 லிட்டர் செலவாகும்.

அந்த 3 லிட்டர் சிலிண்டருக்குத் தனி ரெகுலேட்டரும் அழுத்தமானியும் பொருத்துங்கள். வாய்ப்பகுதி கழுத்தடியில் தொங்கட்டும். கண் தெரியாதபோதும் கை தேடாமல் போகும் இடம் அது.